ரோமில் ஒரு முகவரி எந்த முனிசிப்பியோவில் வருகிறது? கண்டறியும் முறை

ரோம் நகரம் 1,287 சதுர கிலோமீட்டர் பரப்பில் 15 முனிசிப்பியோக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முனிசிப்பியோ என்பது மாநகராட்சியின் மண்டலம். ஒவ்வொன்றுக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரும் 24 உறுப்பினர்களும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மேயர் தேர்தலோடு சேர்த்தே வாக்குப்பதிவு நடக்கும். குடியிருப்புப் பதிவு, நகராட்சி மழலையர் காப்பகத்தில் இடம், சமூக நல உதவி, உள்ளூர்த் தெருவின் பள்ளம் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. அதனால் உங்கள் முனிசிப்பியோவின் எண்ணைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான்.

காரணம், ஒரே நகரத்தின் மேல் பல காலத்து எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. 13 என்ற எண்ணையே பாருங்கள். 13ஆம் ரியோனே (பழைய நகரத்தின் வட்டாரம்) என்றால் த்ராஸ்தேவெரே. 13ஆம் முனிசிப்பியோ என்றால் இன்று மேற்கே உள்ள அவுரேலியோ பகுதி. 2013க்கு முந்தைய காகிதத்தில் அதே 13ஆம் முனிசிப்பியோ, கடற்கரையில் இருக்கும் ஓஸ்தியா!

ஆகவே தெருமுனைப் பளிங்குப் பலகையை நம்பி எண்ணை எழுதாதீர்கள். பழைய நகரத்தில் தெருப்பெயருக்குப் பக்கத்தில் ‘ஆர்’ என்ற எழுத்தும் ரோமன் எண்ணும் பொறித்திருக்கும். அது ரியோனேயின் எண். ரியோனேக்கள் மொத்தம் 22. அத்தனையும் 1ஆம் முனிசிப்பியோவுக்குள் அடங்கிவிடுகின்றன. வெளியே போனால் ‘கியூ’ என்ற எழுத்து வரும். அது குவார்த்தியேரே, இவை 35. ரியோனேயும் குவார்த்தியேரேயும் இடப்பெயர்ப் பிரிவுகள் மட்டுமே. அவற்றுக்குத் தனி மன்றமோ மனு வாங்கும் சாளரமோ கிடையாது.

அஞ்சல் குறியீடும் உதவாது. ரோமின் குறியீடுகள் 00118 முதல் 00199 வரை செல்கின்றன. அவற்றின் எல்லை வேறு, முனிசிப்பியோக்களின் எல்லை வேறு.

சரியான வழி ஒன்றுதான்: தெருவின் முழுப்பெயரையும் கதவு எண்ணையும் சேர்த்து, நகராட்சி இணையதளத்தின் தெருப்பெயர்த் தேடலில் இட்டுப் பார்ப்பது. 060606 என்ற நகராட்சி எண்ணில் அழைத்தும் கேட்கலாம். கதவு எண்ணை விட்டுவிடக் கூடாது. வியா திபுர்த்தீனா 2ஆம் முனிசிப்பியோவிலிருந்து 4ஆவதற்குப் போகிறது. வியா கிறிஸ்தோஃபோரோ கொலோம்போ கடல்வரை ஓடும் வழியில் 8, 9, 10 மூன்றையும் தொடுகிறது. தெருப்பெயர் மட்டும் இருந்தால் இங்கே விடை கிடைக்காது.

பழைய வாடகை ஒப்பந்தமோ சான்றிதழோ கையில் இருந்தால் அதன் ஆண்டைப் பாருங்கள். 2013 வரை 19 முனிசிப்பியோக்கள் இருந்தன, ஆனால் எண்கள் 20 வரை போயின. 14ஆவதாக இருந்த ஃபியுமிச்சீனோ 1992இல் தனி நகராட்சியாகப் பிரிந்தபின் அந்த எண் காலியாகவே கிடந்தது. 2013இல் சிலவற்றை இணைத்து, எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்தார்கள். இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: பழைய 1, 17 சேர்ந்து இன்றைய 1, பழைய 2, 3 சேர்ந்து 2, பழைய 6, 7 சேர்ந்து 5, பழைய 9, 10 சேர்ந்து 7. மற்றவற்றுக்குக் கழித்தால் போதும். பழைய 4, 5 என்றால் ஒன்று கழிக்க வேண்டும். 8 என்றால் இரண்டு. 11, 12, 13 என்றால் மூன்று. 15, 16 என்றால் நான்கு. 18 முதல் 20 வரை ஐந்து. உதாரணமாக, கார்பதெல்லா என்ற பகுதி பழைய கணக்கில் 11, இன்று 8. பழைய எண்ணை நம்பி இன்றைய 11ஐத் தேடிப் போனால் திபேர் ஆற்றின் மறுகரைக்குப் போய்ச் சேருவீர்கள்.

நகரத் திட்டமிடலுக்காக வகுத்த 155 சிறு பகுதிகளின் குறியீடுகள் மட்டும் பழைய எண்களையே இன்னும் தாங்கி நிற்கின்றன. புள்ளிவிவர அட்டவணையில் 13 என்று தொடங்கும் குறியீடு கண்டால் அது 10ஆம் முனிசிப்பியோ என்று படியுங்கள்.

எண் தெரிந்தபின் பெரும்பாலானோருக்கு முதலில் வரும் வேலை குடியிருப்புப் பதிவு. வீடு மாறிய 20 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி, வரி அடையாள எண், வீட்டில் இருக்க உரிமை தரும் ஆவணம் (பதிவான வாடகை ஒப்பந்தம் என்றால் அதன் விவரம்) ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். உரிமை ஆவணம் இல்லாமல் ஒரு வீட்டை ஆக்கிரமித்திருப்பவருக்கு 2014 முதல் அங்கே பதிவு கிடையாது. படிவத்தில் தெரு, கதவு எண்ணோடு நின்றுவிடாமல் எந்தப் படிக்கட்டு, உள்ளே எத்தனையாவது வீடு என்பதையும் எழுதுங்கள். பெரிய குடியிருப்புகளில் ஒரே கதவு எண்ணுக்குள் பல படிக்கட்டுகள் இருக்கும்.

விண்ணப்பம் கிடைத்த இரண்டு வேலை நாட்களில் பெயரைப் பதிந்துவிடுவார்கள். பிறகு 45 நாட்களுக்குள் நகரக் காவலர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பதிவு முறிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்: அழைப்பு மணிப் பலகையிலோ அஞ்சல் பெட்டியிலோ பெயர் இருக்காது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளிலேயே இரண்டிலும் பெயரை ஒட்டிவிடுங்கள். மறுக்கப்போவதாகக் கடிதம் வந்தால் விளக்கம் தரப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால் பதிவு தொடக்க நாளிலிருந்தே இல்லாததாகிவிடும். 45 நாளும் எதிர்ப்பு இல்லாமல் கழிந்தால் பதிவு உறுதியாகிவிட்டது. தங்கும் அனுமதியைப் புதுப்பித்த 60 நாட்களுக்குள், அதே முகவரியில்தான் வசிக்கிறோம் என்று மீண்டும் அறிவிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

எல்லாப் புகாரும் முனிசிப்பியோவுக்கு உரியதில்லை. குப்பை அகற்றுவது ஆமா நிறுவனம், குடிநீர் ஆச்சேயா. பெரிய சாலைகளை நகராட்சியின் மையத் துறை பார்க்கிறது; உள்ளூர்த் தெருக்கள்தான் முனிசிப்பியோவின் பொறுப்பு. பள்ளத்தைப் பற்றி எழுதும் முன் சாலை எந்த வகை என்று கேட்டுக்கொண்டால் மனு தவறான மேசையில் தூங்காது.

குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவும் இதே எண் வேண்டும். 1, 2, 3, 13, 14, 15 ஆகியவை சுகாதார நிறுவனம் ரோமா 1இன் கீழ் வருகின்றன. 4 முதல் 9 வரை ரோமா 2. 10, 11, 12, ஃபியுமிச்சீனோ நகராட்சியோடு சேர்ந்து ரோமா 3.

வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் சொற்களும் மாறும். மிலானில் 9 முனிசிப்பியோக்கள், நேப்பிள்ஸில் 10 முனிசிப்பலித்தா, தூரினில் 8 சிர்கோஸ்க்ரித்ஸியோனே. பொலோஞ்ஞாவில் அலுவலகமும் மன்றமும் கொண்ட பிரிவின் பெயரே குவார்த்தியேரே. அங்கே அவை 6.