இரண்டாம் ஆண்டு ஸ்பானியத்தைத் தமிழை வைத்துக் கரையேற்றுவது எப்படி

முதலாம் ஆண்டு ஸ்பானியத்தில் யாரும் தோற்பதில்லை. வணக்கம், நன்றி, நிறங்கள், ஒன்று முதல் நூறு வரை எண்கள் என்று ஓடிவிடும். இரண்டாம் ஆண்டின் முதல் மாதத்தில் இறந்தகாலம் வரும். ஒன்று இல்லை, இரண்டு இறந்தகாலங்கள். வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் சறுக்குவார்கள். நானும் சறுக்கினேன். முதல் சோதனையில் நூற்றுக்கு முப்பத்தொன்று.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கு உதவித்தொகையில் போய் வந்தவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் மாமாவின் மளிகைக்கடைப் பின்னறையில் மூன்று பிள்ளைகளுக்கு ஸ்பானியம் சொல்லித் தருகிறேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் வகுப்பு. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆங்கிலத்தை ஓரமாக வைப்பது. எங்களுக்குப் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ், கடையில் மலாய், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த எனக்கு அந்த விளக்கம் மூன்றாவது வீட்டு வாசல் வழியாக என் வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மே துவேலே லா கபேசா'. மே என்றால் எனக்கு, துவேலே என்றால் வலிக்கிறது, லா கபேசா என்றால் தலை. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்' என்று வலியை 'வைத்திருக்கிறவர்கள்' இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு ஒரு நிமிடம் போதும். 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும். 'சே மே ஓல்விதோ' என்றால் எனக்கு மறந்துபோய்விட்டது. (கபேசா என்பது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த 'ச' நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியாக மாறும். எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.)

ஒரே ஒரு கண்ணி உண்டு. கால்கள் இரண்டும் வலித்தால் வினையும் பன்மையாக வேண்டும்: 'மே துவேலென் லாஸ் பியெர்னாஸ்'. நாம் பேச்சில் 'கால்கள் வலிக்கிறது' என்றே விட்டுவிடுகிற ஆட்கள், அதனால் அந்தக் கடைசி 'ன்' நம் பிள்ளைகளின் தாளில் எப்போதும் காணாமல் போகும். இலக்கணத் தமிழில் 'வலிக்கின்றன' என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு எழுதினால் தப்பாது.

இப்போது அந்த இரண்டு இறந்தகாலங்கள். ஒன்று, நடந்து முடிந்த செயல். மற்றொன்று, நடந்துகொண்டிருந்தது அல்லது அந்தக் காலத்தில் வழக்கமாக நடப்பது. புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்க அட்டவணை இருந்தது. அது எனக்கு ஏறவே இல்லை. ஏறியது பாட்டி கதை சொன்ன ஒரு மாலையில்.

பாட்டி முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அன்று சொன்னார்: 'அப்போதெல்லாம் நான்கு மணிக்கே எழுவேன். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, ஆனாலும் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடித்தது. போனேன். வழியில் ஒரு பாம்பைப் பார்த்தேன்.' நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுவேன், பெய்துகொண்டிருந்தது: இவை ஒரு வகை. அடித்தது, போனேன், பார்த்தேன்: இவை மற்றொரு வகை. எந்த அட்டவணையும் இல்லாமல் பாட்டி பிரித்து வைத்திருந்தார்.

கையைக் கழுவிவிட்டு அதை ஸ்பானியத்தில் எழுதினேன். எழுவேன் என்பது 'மே லெவன்தாபா'. பெய்துகொண்டிருந்தது என்பது 'யோவீயா'. அடித்தது என்பது 'சோனோ', போனேன் என்பது 'ஃபூயி', பார்த்தேன் என்பது 'வீ'. தமிழில் '-வேன், -வார்' என்றோ '-கொண்டிருந்தது' என்றோ முடிந்தால் தொடர் இறந்தகாலம். வெறுமனே '-ந்தேன், -த்தது, -னேன்' என்று நின்றால் பெரும்பாலும் முடிந்த இறந்தகாலம்.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். வீட்டில் ஒரு பெரியவரைப் பிடித்து ஐந்து நிமிடம் பழைய கதை கேளுங்கள். அவர் சொன்ன வினைகளை மட்டும் அப்படியே தமிழில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்பானிய வினையை எழுதுங்கள். வாரம் ஒரு கதை போதும். என் மாணவன் ஒருவன் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஆடு திருடு போன கதையை மட்டும் நான்கு வடிவத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

ஆனால் 'எழுவேன்' என்பது தமிழில் வருங்காலமும் கூட. நான் ஒருமுறை பாட்டியின் இளமைக்கால வழக்கத்தை வருங்காலத்தில் எழுதி, எண்பது வயதுக் கிழவி நாளை முதல் பால் வெட்டக் கிளம்புவதாகத் தாளில் தந்துவிட்டேன். 'அப்போதெல்லாம்' என்ற சொல் வாக்கியத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெரிதல் என்ற வினைக்கும் இதே வழிதான். 'எனக்கு அப்போதே தெரியும்' என்றால் 'சபீயா'. 'அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது' என்றால் 'சூபே'. ஒரே வினை, காலம் மாறினால் பொருள் நகர்ந்துவிடும். பாடப்புத்தகம் இதைத் தனிப் பெட்டியில் போட்டுப் பயமுறுத்தும். தமிழ் தெரிந்தவருக்கு அதில் பயப்பட எதுவும் இல்லை.

வடிவங்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: தொடர் இறந்தகாலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மொத்தம் மூன்றே மூன்று. சேர் (இரு), ஈர் (போ), வேர் (பார்). அதை ஒரே மாலையில் முடித்துவிடலாம். முடிந்த இறந்தகாலம்தான் முரடு: தூவே, ஈஸே, தீஹே, பூஸே, வீனே என்று வரிசை கட்டி வரும். இவற்றை நாளுக்கு இரண்டு என்று சுவரில் ஒட்டிப் படித்தேன். 'ஃபூயி' என்பது போனேன் என்பதற்கும் இருந்தேன் என்பதற்கும் ஒன்றேதான். குழப்பமாகத் தோன்றும், படிக்க வேண்டியதில் ஒன்று குறைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'கொள்' என்ற நம் துணைவினையையும் மறந்துவிடாதீர்கள். வெட்டினார் என்றால் 'கொர்தோ'. பால் வெட்டும் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டார் என்றால் 'சே கொர்தோ எல் தேதோ'. அந்த 'சே' தான் நம் 'கொண்டார்'. இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் 'தன் விரலை' என்று சொல்வதில்லை, விரலை என்றாலே போதும். ஸ்பானியரும் 'எல் தேதோ' என்று விரலை மட்டும்தான் சொல்வார்கள்.

மனிதர்களைப் பார்த்தால் இடையில் ஒரு 'ஆ' வரும்: 'வீ ஆ மி எர்மானா', என் அக்காவைப் பார்த்தேன். வீட்டைப் பார்த்தால் அது வராது. நாமும் 'வீடு பார்த்தோம்' என்போம், ஆனால் 'அக்கா பார்த்தோம்' என்று சொல்ல மாட்டோம், 'அக்காவை' என்றுதான் சொல்வோம். அதே உணர்வுதான்.

சேர், எஸ்தார் என்ற இரண்டு 'இரு'க்களில் பாதி வரைதான் தமிழ் உதவும். 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் சொல்ல முடிந்தால் சேர். 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்று வினை கட்டாயமானால் எஸ்தார். பண்புச்சொல் வந்தவுடன் இது உடைந்துவிடும். 'வீடு பெரியதாக இருக்கிறது' என்பதற்கு ஸ்பானியத்தில் சேர்தான் வரும். பெரியதாக இருப்பது வீட்டின் குணம் என்பதால் அப்படி.

பொருள்களின் பால் வேற்றுமைக்கு யாரும் உதவ மாட்டார்கள், தமிழும் இல்லை, மலாயும் இல்லை. மேசைக்குப் பெண்பால், 'லா மேசா'. வரைபடம் 'எல் மாப்பா', நாள் 'எல் தீயா', பிரச்சினை 'எல் ப்ரொப்லேமா', எல்லாம் ஆவில் முடிந்தாலும் ஆண்பால். கை 'லா மானோ', ஓவில் முடிந்தாலும் பெண்பால். சொல்லை எழுதும்போதே முன்னால் எல், லா சேர்த்து எழுதிப் பழகுங்கள். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டவர்கள் பின்னால் சேர்த்ததே இல்லை.

சொல்வளத்தில் நமக்கு ஒரு சீதனம் உண்டு. 1511ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் மலாயில் பல சொற்களை விட்டுச் சென்றார்கள். தமிழுக்கு இந்தியக் கடற்கரை வழியாகவே வந்துவிட்டன. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் அக்காள் தங்கை. அதனால் மலாயின் பெண்டேரா (கொடி) ஸ்பானியத்தில் பந்தேரா, கெமேஜா (சட்டை) கமீசா, செப்பாத்து (காலணி) சப்பாத்தோ. நம் சப்பாத்தும் அதே சப்பாத்தோதான், துவாலை தோவாயா, சாவி யாவே. ஜன்னல் மட்டும் ஏமாற்றும். அது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது, ஸ்பானியத்தில் வென்தானா.

எழுத்துத் தேர்வில் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் கடற்கரையையும் அருங்காட்சியகத்தையும் எழுதி என்ன பயன்? உங்கள் ஊருக்கு வேண்டிய சொற்களைத் தேடுங்கள். செம்பனை எண்ணெய் 'அசெய்தே தெ பால்மா'. ரப்பர் 'கவுச்சோ', மெக்சிகோவில் 'ஊலே'. பால்மரம் வெட்டுவதற்கு 'சாங்க்ரார்', இரத்தம் வடிய விடுவது என்ற அதே வினை. இதை நான் சொன்னபோது பாட்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த மரமே அமேசான் காட்டு மரம். 1876ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. ஊரைப் பற்றிய கட்டுரையில் இதை ஒரு வரியில் சேர்த்தால் தேர்வு கேட்கும் நூற்று முப்பது சொற்கள் தானாக நிறையும்.

ஒலியில் 'த'வைத் தமிழ் 'த'வாகவே சொல்லுங்கள். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் 'டூ' என்பார்கள், சரியானது 'தூ'. நம் பலவீனம் அழுத்தம். தமிழில் அசை அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது அதைப் பொருட்படுத்தாது. 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் பேசுகிறேன். கடைசி அசையை அழுத்தினால் பேசினார். எழுத்தில் அந்த வித்தியாசத்தைக் காட்டுவது கடைசி ஓவின் தலையில் ஒரு சிறு கோடு மட்டுமே. அந்த முதல் சோதனையில் இழந்த மதிப்பெண்களில் பாதிக்கு மேல் போனது இந்தக் கோட்டுக்குத்தான். புள்ளி வைக்காமல் 'க்' எழுதுவீர்களா? அதே கண்டிப்புடன் கோட்டையும் வையுங்கள். கைப்பேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட வடிவம் வரும்.

பேருந்தில் கேட்பதற்கு ஸ்பெயின் தேசிய வானொலிச் செய்தி நல்லது. காலை 5.50க்கு நான் பேருந்து ஏறும்போது மாட்ரிட்டில் முந்தைய இரவு 11.50 ஆகியிருக்கும், குளிர்காலத்தில் 10.50. முதல் மாதம் எண்களையும் ஊர்ப்பெயர்களையும் மட்டும் பிடியுங்கள். மற்றவை காற்றோடு போகட்டும்.

ஐஜிசிஎஸ்இ என்ற சர்வதேசப் பள்ளித் தேர்வை எழுதுகிறவர்களுக்குக் கேட்டல், படித்தல், பேசுதல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 விழுக்காடு. எழுத்தை மட்டும் தீட்டிக்கொண்டு போகாதீர்கள். பேச்சுத் தேர்வு சுமார் பத்து நிமிடம். கேள்வி எந்தக் காலத்தில் வருகிறதோ அந்தக் காலத்திலேயே பதில் சொல்லுங்கள். புரியாவிட்டால் திரும்பச் சொல்லக் கேட்கலாம்: 'புவேதே ரெபெதீர், போர் ஃபவோர்?' என் தேர்வில் ஒரு சொல் நாக்கு நுனியில் நின்று வராமல் போனது. 'சே மே ஓல்விதோ' என்றேன். தேர்வாளர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.