அழிக்க முடியாத பேக்கப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது? சிறு நிறுவனத்துக்கான கணக்கு, படிப்படியாக

ரேன்சம்வேர் கும்பல் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடுவது உங்கள் பேக்கப்பைத்தான். விண்டோஸ் எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளை (கோப்புகளின் முந்தைய நிலை நகல்கள்) அழிப்பார்கள், பேக்கப் சர்வரின் கடவுச்சொல்லைப் பிடிப்பார்கள், என்ஏஎஸ்ஸை (அலுவலக நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) துடைப்பார்கள். அதற்கு அப்புறம்தான் கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் கேட்பார்கள். ஆகவே நிர்வாகிக் கணக்கை வைத்திருப்பவராலும் குறிப்பிட்ட நாள்வரை அழிக்கவோ மாற்றவோ முடியாத ஒரு நகல் கட்டாயம் வேண்டும். இதைத்தான் கீழே 'பூட்டு' என்கிறேன்.

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு இதை அமைத்து முடித்துவிட்டு எழுதுகிறேன். எந்த மென்பொருளை எப்படி நிறுவுவது என்பதற்குள் போகவில்லை, அதற்கு நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. முதலாளி கையெழுத்திடும் பட்ஜெட் தாளில் என்ன எண்ணை எழுதுவது என்பதுதான் இங்கே விஷயம். விலைப்பட்டியலில் ஒரு டெராபைட்டுக்கு மாதம் இவ்வளவு என்று இருக்கும். அதைத் தரவின் அளவால் பெருக்கினால் பட்ஜெட் வந்துவிடாது. எத்தனை நாள் பூட்டுகிறீர்கள், ஒவ்வொரு நாளும் எவ்வளவு தரவு மாறுகிறது, இந்த இரண்டும்தான் செலவைத் தீர்மானிக்கின்றன.

படி 1: எதைப் பூட்ட வேண்டும்

எல்லாவற்றையும் பூட்டாதீர்கள். கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், கோப்பு சர்வர், மின்னஞ்சல், சம்பளப் பதிவுகள் போதும். பழைய விளம்பர வீடியோக்களுக்குச் சாதாரண நகலே போதும்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் 'அது கிளவுடில்தானே இருக்கிறது' என்று அதைப் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் தரவை நகலெடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. அதையும் சேருங்கள்.

படி 2: எத்தனை நாள் பூட்டு

தாக்குதல் நடந்தது உங்களுக்குத் தெரியவர எத்தனை நாளாகும் என்று யோசியுங்கள். சீனப் புத்தாண்டுக்கு அலுவலகம் ஒரு வாரம் மூடியிருக்கலாம். மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் கோப்பு கெட்டிருந்தால் அடுத்த மாதக் கடைசியில்தான் தெரியும். அதனால் 7 நாள் போதாது. என் கணக்கில் 30 நாள்தான் குறைந்தபட்சம்.

அதிகமாகப் போடுவதும் சரியல்ல. கணக்குப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்காக எல்லாத் தரவையும் 5 ஆண்டு பூட்டச் சொல்பவர்கள் உண்டு. தேவை முடிந்த தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். வேலையை விட்டுப் போனவரின் அடையாள அட்டை நகலை 5 ஆண்டு பூட்டிவிட்டு, அழிக்கச் சொன்னால் அழிக்க முடியாமல் நிற்பீர்கள். ஆண்டிறுதிக் கணக்குகளை மட்டும் தனியாக, நீண்ட பூட்டுடன் வையுங்கள். அது சில ஜிகாபைட்டுகள்தான்.

படி 3: உண்மையான அளவு

எனக்கு மிக அதிக நேரம் எடுத்த படி இது. நிதானமாகப் படியுங்கள்.

உங்களிடம் 2 டெராபைட் தரவு இருக்கிறது, தினமும் 40 ஜிகாபைட் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டு 30 நாள்.

வாரம் ஒரு முழு பேக்கப், மற்ற நாள்களில் மாறியது மட்டும் என்பது பழைய பழக்கம். இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது. சனிக்கிழமை எடுத்த பேக்கப் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் முழு பேக்கப்பை நம்பியிருக்கிறது. சனிக்கிழமையின் பூட்டு முடியும்வரை அந்த ஞாயிற்றுக்கிழமை நகலும் இருந்தாக வேண்டும். அதனால் 30 நாள் பூட்டு நடைமுறையில் 36 நாளாகிறது, ஒரே நேரத்தில் 6 முழு நகல்கள் வரை கிடக்கும். 12 டெராபைட் அதற்கே போய்விடும். தினசரி மாற்றங்களையும் சேர்த்தால் 13 டெராபைட்டைத் தாண்டும்.

முதல் முறை மட்டும் முழுசாக எடுத்து, பிறகு எப்போதும் மாறியதை மட்டும் எடுக்கும் முறையில் 2 டெராபைட்டும், 30 நாள் மாற்றத்துக்கு 1.2 டெராபைட்டும் ஆகும். பேக்கப் மென்பொருள்கள் பாதுகாப்புக்காகப் பூட்டைச் சில நாள் நீட்டிக்கும், அதற்கு 0.4 வையுங்கள். மொத்தம் 3.6 டெராபைட்.

அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3-இன் சிங்கப்பூர் வட்டாரத்தில் சாதாரணச் சேமிப்பு ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 0.025 அமெரிக்க டாலர். ஒரு டாலருக்கு 1.35 சிங்கப்பூர் வெள்ளி என்று தாராளமாக வைத்தால், முதல் முறைக்கு மாதம் சுமார் 440 வெள்ளி, இரண்டாவதற்கு சுமார் 120 வெள்ளி. ஒரே தரவு, ஒரே பாதுகாப்பு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத நிறுவனம் என்றால் 9 விழுக்காட்டை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தாக்குதல் நடந்த நாளில் எல்லாக் கோப்புகளும் மாறிவிடும். பேக்கப் மென்பொருளுக்கு அது 2 டெராபைட் புதிய தரவு, சுருக்கவும் முடியாது. அந்தக் கெட்ட நகலும் பூட்டப்படும், 30 நாளுக்குப் பணமும் கேட்கும். ஆகவே ஒரு முழு நகல் அளவுக்கு இடத்தையும் பணத்தையும் எப்போதும் உபரியாக வையுங்கள். என்ஏஎஸ்ஸில் இது இன்னும் முக்கியம். அங்கே இடம் நிறைந்தால், பூட்டிய ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்தில் இருந்த நிலையின் நகல்) அழித்து இடம் எடுக்க முடியாது.

படி 4: எங்கே வைப்பது

அலுவலகத்தில் ஒன்று, வெளியே ஒன்று.

உள்ளே வைக்க எனக்குப் பிடித்தது சினாலஜி நிறுவனத்தின் என்ஏஎஸ். அதன் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2-இலிருந்து, ஆதரிக்கும் மாடல்களில் அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட் வசதி வந்துவிட்டது. வாங்கும் முன் மாடல் பட்டியலைப் பாருங்கள். நான்கு டிஸ்க் பெட்டியும் டிஸ்குகளும் சேர்த்து 2,000 வெள்ளி ஒதுக்கி, 5 ஆண்டுக்குப் பிரித்து ஆண்டுக்கு 400 என்று எழுதுங்கள். அதை அலுவலக டொமைனில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான பயனர் கணக்கு அமைப்பு) சேர்க்கவே சேர்க்காதீர்கள். டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல்லால் திறக்கும் பேக்கப், பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட கடை.

வெளியே வைக்க, வசாபி என்ற கிளவுட் சேமிப்புச் சேவை ஒரு டெராபைட்டுக்கு மாதம் 7 அமெரிக்க டாலரை ஒட்டி வருகிறது, சிங்கப்பூரிலும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் சாதாரணத் திட்டத்தில் எந்தத் தரவுக்கும் குறைந்தது 90 நாள் கட்டணம் உண்டு. 30 நாளில் அழித்தாலும் 90 நாளுக்குக் கட்டுவீர்கள். அதனால் 2 டெராபைட்டுடன் 90 நாள் மாற்றத்துக்கு 3.6 சேர்த்து, 5.6 டெராபைட் என்று கணக்கிடுங்கள். அப்படியும் மாதம் 55 வெள்ளிக்குள் அடங்குகிறது. கட்டணம் எப்படியும் 90 நாளுக்குத்தான் என்றால் பூட்டையும் நீட்டிவிடலாம். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

மலிவு என்று அமேசானின் நீண்டகாலச் சேமிப்பு வகையான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் பக்கம் போக வேண்டாம். குறைந்தபட்சக் கட்டணம் 180 நாளுக்கு. தரவைத் திரும்ப எடுக்கக் கேட்டுவிட்டு 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அலுவலகமே நின்று போயிருக்கும் நாளில் அது தாங்காது.

படி 5: பூட்டைப் போடுவது

எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பில் பூட்டு போடும் வசதியின் பெயர் ஆப்ஜெக்ட் லாக். அதில் இரண்டு வகை. கவர்னன்ஸ் வகையில் தனி அனுமதி உள்ள கணக்கு பூட்டை உடைக்கலாம். கம்ப்ளையன்ஸ் வகையில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்காலும் முடியாது. உண்மையான பாதுகாப்புக்கு இரண்டாவதுதான். ஆனால் அதில் 365 என்று தவறி அடித்துவிட்டால் அந்த ஆண்டு முழுக்கப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் அமேசான் கணக்கையே மூட வேண்டும். எனவே சோதனை பக்கெட் (கிளவுடில் கோப்புகளை வைக்கும் தொகுப்பு) ஒன்றில், சின்னக் கோப்புகளுடன், 1 நாள் பூட்டில் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பக்கெட் அளவில் டிஃபால்ட் பூட்டு போட வேண்டாம், மென்பொருளே ஒவ்வொரு கோப்புக்கும் தேதி போடட்டும்.

பூட்டு முடிந்தால் கோப்பு தானாக மறையும் என்று நினைக்காதீர்கள். வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இல்லாமல் ஆப்ஜெக்ட் லாக் வேலை செய்யாது. வெர்ஷனிங் இருந்தால், சாதாரணமாக அழித்த கோப்பின் பழைய பதிப்பு அப்படியே கிடக்கும், பில்லும் வரும். வீம் போன்ற பேக்கப் மென்பொருள்கள் பழைய பதிப்புகளைத் தாமே துடைக்கும், அங்கே லைஃப்சைக்கிள் விதி (பழையதைத் தானாக நீக்கச் சொல்லும் பக்கெட் விதி) போடக் கூடாது. கோப்பியா என்ற பேக்கப் மென்பொருளுக்கு விதி வேண்டும்: பழைய பதிப்புகளை அகற்று, பாதியில் நின்ற பதிவேற்றங்களை 7 நாளில் நீக்கு. கணக்கிட்டதைவிட பில் மாதாமாதம் ஏறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

படி 6: திரும்ப எடுக்கும் செலவு

இந்த வரி இல்லாத பட்ஜெட்டில் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். அமேசானின் சிங்கப்பூர் வட்டாரத்திலிருந்து வெளியே எடுக்க ஒரு ஜிகாபைட்டுக்கு 0.12 டாலர், மாதம் 100 ஜிகாபைட் இலவசம். 2 டெராபைட்டை ஒருமுறை முழுசாக எடுத்தால் சுமார் 230 டாலர், அதாவது 310 வெள்ளி. வசாபியில், சேமித்த அளவைத் தாண்டாதவரை, தனிக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முழு ஒத்திகை வைத்து, ஊழியர் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பில் 2 டெராபைட் இறங்கக் காகிதக் கணக்கில் நாலரை மணி நேரம். நடைமுறையில் இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை, படித்தவர்கள் கேட்டவை

'பூட்டிய நகல் இருந்தால் தகவல் கசிவு பற்றிக் கவலை இல்லையா?' கவலை உண்டு. பூட்டு அழிப்பைத்தான் தடுக்கும், திருட்டைத் தடுக்காது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று மதிப்பிட்டதிலிருந்து 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே அனுப்பும் முன்பே மறையாக்கம் செய்யுங்கள். அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி அலுவலகப் பெட்டகத்தில் ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். சாவி போனால் பூட்டிய நகலாலும் பயனில்லை.

'மானியம் கிடைக்குமா?' தகுதி பெறும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு பிஎஸ்ஜி (புரொடக்டிவிட்டி சொல்யூஷன்ஸ் கிராண்ட்) என்ற அரசு மானியம் 50 விழுக்காடு வரை உண்டு, ஆனால் முன்கூட்டியே அங்கீகரித்த தீர்வுகளுக்கு மட்டும். அரசின் கோபிசினஸ் இணையத்தளத்தில் இணையப் பாதுகாப்புப் பிரிவைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் முன்பணம் கட்டினாலும் தகுதி போய்விடும், அதனால் விற்பனையாளர் 'இந்த வாரம் மட்டும் தள்ளுபடி' என்றாலும் பணத்தைக் கொடுக்காமல் முதலில் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.