இரண்டரை மணி நேரம் கூட்டினால் மட்டும் போதாது

சென்னைச் சித்தப்பா இரவு 9 மணிக்குச் சாவகாசமாகப் போன் செய்வார். “அங்க ஆறரைதானே ஆகுது, டீ குடிச்சாச்சாம்மா?” மலேசியாவில், நான் இருக்கும் பினாங்கில் அப்போது இரவு 11.30. கூட்ட வேண்டிய இரண்டரை மணி நேரத்தை அவர் கழித்துவிட்டார். கிழக்கே இருக்கும் நமக்குத்தான் பொழுது முதலில் விடியும்; ஆகவே நம் கடிகாரம்தான் முந்தி ஓடும். இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது தேதி. சென்னையில் இரவு 9.30 ஆனதுமே இங்கே மறுநாள் பிறந்துவிடும். கோலாலம்பூரில் சனிக்கிழமை அதிகாலை 12.30க்குப் புறப்படும் விமானம் சென்னைக்காரருக்கு வெள்ளி இரவு 10 மணி விமானம். “நாளைக்கு” என்று பேசாமல் கிழமையைச் சொல்லிப் பேசுங்கள்.

பெரிய குழப்பம் பஞ்சாங்கத்தில்தான். சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. சிலர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் இரண்டரை மணி கூட்டி 10 மணி என்கிறார்கள். இரண்டும் தப்பு. ராகு காலம் அந்தந்த ஊர் பகற்பொழுதை எட்டாகப் பிரித்து வருவது; 7.30 என்பது 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. பினாங்கில் 7.15 வாக்கில்தான் விடிகிறது, எனவே திங்கள் ராகு காலம் ஏறக்குறைய 8.45 முதல் 10.15 வரை.

திதியும் நட்சத்திரமும் வேறு கதை. அவை உலகெங்கும் ஒரே கணத்தில் முடிபவை, அவற்றுக்கு இரண்டரை மணி கூட்டுவதுதான் சரி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு திதி சென்னையில் விடிகாலை 5.30க்கு முடிந்தால் அங்கே சூரிய உதயத்தில் அது இருக்காது. இங்கே அதே திதி 8 மணிவரை இருக்கும், உதயமும் அதற்குள் ஆகிவிடும். உதயத் திதியைப் பார்த்து விரதம் இருப்பவர்களுக்கு நாளே மாறிப்போகலாம். உள்ளூருக்குக் கணித்த பஞ்சாங்கம் வாங்கிவிடுவது நிம்மதி.

ஜாதகம் கணிக்கக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீபகற்ப மலேசியா இன்றைய நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1 அன்று, போர்னியோ தீவில் உள்ள நம் மாநிலங்களான சபா, சரவாக்குடன் ஒத்துப்போவதற்காக. அதற்கு முன்பு அரை மணி பின்தங்கியிருந்தோம். இந்தியாவுடன் வித்தியாசம் சரியாக 2 மணி நேரம். 1975இல் தைப்பிங்கில் பிறந்தவருக்கு இரண்டரை மணிக் கணக்கில் ஜாதகம் எழுதினால் லக்னமே தவறலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இங்கே ஆண்ட காலத்தில் பிறந்த தாத்தா பாட்டிகளுக்கு இன்னும் வம்பு: அப்போது இங்குள்ள கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தில் ஓடின.

அந்த அரை மணி மாற்றம் ஊரின் குணத்திலும் தெரிகிறது. சென்னையில் காலை 6 என்றால் கோலம் போட்டு, பால் காய்ச்சி முடித்த நேரம். இங்கே 6 மணி கும்மிருட்டு. பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளி வேன் ஏறுகிறார்கள். விளக்கு வைக்கிற நேரமும் 7ஐத் தாண்டும். அதற்காக இரவு 11.30க்கு ஊரே தூங்கும் என்றும் நினைக்க வேண்டாம். என் மகன் அந்நேரத்தில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் என்னும் ஆற்றிய டீயுடன் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பான், சித்தப்பா தாராளமாக அவனைக் கூப்பிடலாம்.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியில் இருக்கும் என் அக்காவைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடக் கூடாது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அவள் வேலைக்குக் கிளம்பும் நாள்.