டேப் பேக்கப்பை ஆட்டோமேட் பண்றப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடங்கள்

கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு ஸ்கிரிப்டை ஓட்டற புரோகிராம்) ஒரு வரி போட்டாச்சு, தினம் ராத்திரி 1 மணிக்கு யூசருங்களோட ஹோம் டைரக்டரி எல்லாம் டேப்புக்குப் போயிடும், இனி கவலை இல்லன்னு நினைக்கிறாங்க பாருங்க, சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. ஸ்கிரிப்டுக்கு மணி மட்டும்தான் தெரியும், டிரைவுக்குள்ள எந்த டேப் கிடக்குதுன்னு தெரியாது.

பாலக்காட்டு கஞ்சிக்கோடு பக்கத்து கம்பெனிகள்ல வேலை பாக்குறவங்க நிறைய பேர் கோயம்புத்தூர்ல இருந்து வாளையார் தாண்டி வந்து போறவங்க. ஹர்த்தால்னா பஸ் இல்ல, ஓணம்னா ஆபீசே காலி, டேப் மாத்த ஆள் கிடையாது. செவ்வாய்னு ஸ்டிக்கர் ஒட்டின டேப் உள்ளேயே இருக்கும், புதன் ராத்திரி ஸ்கிரிப்ட் கரெக்டா எந்திரிச்சு அது மேலயே எழுதிட்டு, லாக்ல ஓகேன்னு வேற போட்டுட்டுப் போயிடும். நாலு நாள் லீவுன்னா நாலு ராத்திரியும் அதே டேப்தான், அதுல ஒரு ராத்திரி பாதி எழுதுறப்ப கரண்ட் போச்சுன்னா பழசும் இல்ல புதுசும் இல்ல. இதுக்கு வழி ரொம்ப சிம்பிள்ங்க, ஒவ்வொரு டேப்போட தொடக்கத்துலயும் டேப் பேரும் கடைசியா எழுதின தேதியும் இருக்கற சின்ன ஃபைல் ஒண்ணு எழுதி வைங்க, ஸ்கிரிப்ட் முதல்ல அதைப் படிக்கட்டும், இன்னிக்கு வர வேண்டிய டேப் இல்லன்னா எழுதாம மெயில் அனுப்பிட்டு வெளிய வந்துடணும். அமண்டா, பாகுலா மாதிரி சாஃப்ட்வேர் இந்த லேபிள் வேலைய தானே பண்ணிக்கும். சொந்த ஸ்கிரிப்ட்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்கதான் இதை விட்டுடறாங்க.

அடுத்தது எஸ்டி0, என்எஸ்டி0 குழப்பம், ரெண்டும் ஒரே டேப் டிரைவுக்கு லினக்ஸ் வெச்சிருக்கற பேர்தான். லினக்ஸ்ல எஸ்டி0ன்னு எழுதினா வேலை முடிஞ்சதும் டேப் தானா பழைய கேசட் மாதிரி தொடக்கத்துக்கே திரும்ப சுத்திக்கும், என்எஸ்டி0ன்னா நின்ன இடத்துலயே நிக்கும். லூப் போட்டு யூசருக்கு ஒரு டார்னு (ஃபைல்களை ஒண்ணாக் கட்டற கமாண்ட்) எஸ்டி0க்கு அனுப்பினா ஒவ்வொருத்தரும் முந்தினவங்க மேல ஏறி உக்காருவாங்க, காலையில எழுத்து வரிசையில கடைசி யூசரோட ஹோமைத் தவிர வேற எதையும் நம்ப முடியாது. சோலாரிஸ்ல 0, 0என், ஃப்ரீபிஎஸ்டில எஸ்ஏ0, என்எஸ்ஏ0ன்னு பேர்தான் மாறும், கதை ஒண்ணுதான். இருக்கற டேப்ல தொடர்ந்து எழுதணும்னா டேப்பை நகர்த்தற எம்டி கமாண்ட்ல இஓடி குடுத்து டேட்டா முடியற இடத்துக்குப் போயிட்டு ஆரம்பிங்க.

கையில ஓட்டினா ஓடும், கிரான்ல ஓடாதுன்னா கமாண்டை எந்த டைரக்டரிகள்ல தேடணும்னு சொல்ற பாத் வேரியபிளைப் பாருங்க, கிரானுக்கு ரெண்டு மூணு டைரக்டரிதான் தெரியும். தேதி போட கிரான்டேப் வரியில சதவீதக் குறி வெச்சிருந்தா அதை நியூலைனா எடுத்துக்கும், முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும். டாரை பைப் பண்ணி டிடி கமாண்ட் வழியா எழுதுறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், ஷெல் கடைசி கமாண்டோட எக்சிட் கோடைத்தான் (நல்லா முடிஞ்சதா இல்லையான்னு காட்டற நம்பர்) சொல்லும், டார் நடுவுல செத்தாலும் சக்ஸஸ்னு வரும், அதனால பாஷ்ல பைப்ஃபெயில் ஆன் பண்ணுங்க. குனு டார் (லினக்ஸ்ல வழக்கமா இருக்கற டார்) எக்சிட் கோடா 1 குடுத்தா பெரும்பாலும் படிக்கறப்ப ஏதோ ஃபைல் மாறியிருக்குன்னு அர்த்தம், 2ன்னா நிஜமாவே பிரச்சனை, ரெண்டையும் ஒரே மாதிரி நடத்தாதீங்க.

எரர் வந்தா மெயில் வரும்னு நம்புறதும் தப்புதான். 2017 ஜனவரி 31 அன்னிக்கு கோட் ஹோஸ்டிங் கம்பெனியான கிட்லேப்ல டேட்டாபேஸ் அழிஞ்சப்ப டம்ப் பேக்கப்பைத் தேடினா ஒண்ணும் இல்ல, டேட்டாபேஸை ஃபைலா டம்ப் எடுக்கற புரோகிராம் வெர்ஷன் ஒத்துப்போகாம ஃபெயில் ஆகிட்டிருந்திருக்கு, கிரான் அனுப்பின எச்சரிக்கை மெயிலையும் டிமார்க் செக் (மெயில் போலியான்னு பாக்கறது) திருப்பி அனுப்பியிருக்கு, அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. அதனால நல்லா முடிஞ்சாலும் தினம் ஒரு மெயில் வரட்டும், வரலன்னா கத்தற வேலைய இன்னொரு மெஷின் பண்ணட்டும்.

டேப் பெட்டியில போட்டிருக்கற பெரிய நம்பரை வெச்சு கணக்குப் போடாதீங்க. எல்டிஓ-8ல (எல்டிஓ டேப் வகை, 8 தலைமுறை நம்பர்) 30 டிபின்னு இருக்கும், அது கம்ப்ரஸ் ஆனா, நிஜத்துல 12தான். யூசர் டைரக்டரி பூரா ஏற்கனவே கம்ப்ரஸ் ஆன ஜேபெக்கும் வீடியோவுமா இருந்தா அந்த 12ஐத் தாண்டாது. டார் சும்மா விட்டா 10 கேபி பிளாக்காத்தான் எழுதும், எல்டிஓவுக்கு அது கொசுறு, டிரைவ் நின்னு நின்னு பின்னாடி போய் ஓடும், ஸ்பீடும் போச்சு டேப்பும் தேயும். பிளாக்கிங் ஃபேக்டர் 512 குடுத்தா 256 கேபி. அந்த நம்பரை டேப் கவர் மேலயே எழுதி வைங்க, லினக்ஸ்ல சின்ன பிளாக் சைஸ்ல படிக்கப் போனா மெமரி இல்லன்னு சம்பந்தமே இல்லாத எரர் வரும், அதைப் பாத்து ரேம் வாங்க கிளம்பிடாதீங்க.

பாலக்காட்டு ஏப்ரல் வெயில்ல பைக் டேங்க் கவர்ல டேப்பை வெச்சு கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போறது, ஜூன் மழையில நனைஞ்ச பையில இருந்து எடுத்து ஏசி ரூம்ல உடனே டிரைவுக்குள்ள தள்றது, ரெண்டும் வேண்டாம். ஒரு நாள் அந்த ரூம்லயே கிடக்கட்டும், அப்புறம் போடுங்க.

ரீஸ்டோர் பாக்கறவங்களும் எழுதின அதே டிரைவுலதான் பாக்கறாங்க. அந்த டிரைவே போயிட்டா? எல்டிஓ-8 டிரைவ் 7ஐப் படிக்கும், 6ஐப் படிக்காது, அதனால புது டிரைவ் வாங்கறப்ப பழசை எடைக்குப் போட்டுடாதீங்க. மாசம் ஒரு தடவை வேற டிரைவுல, வேற சர்வர்ல ஒரு யூசரோட முழு ஹோமையும் இறக்கி ஓனர், பெர்மிஷன் சரியா இருக்கான்னு பாருங்க. என்க்ரிப்ட் பண்றவங்க கீ எங்க இருக்குன்னும் பாருங்க, பல இடத்துல அது அதே சர்வர்ல ரூட்டோட ஹோம்ல இருக்கும், அந்த ஹோமும் என்க்ரிப்ட் ஆகி அதே டேப்புக்குள்ள பூட்டிக் கிடக்கும். பிரிண்ட் எடுத்து கவர்ல போட்டு ஒட்டி, டேப் போற வண்டியில இல்லாம வேற ஆள் கையில குடுத்தனுப்புங்க.