குழந்தைக்குப் பேதி எந்த வழியாக வருகிறது? பர்மாவிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் தாமே பார்த்துச் சரிசெய்வதற்கான வழிமுறை

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அதைப் பேதி என்று மருத்துவத்தில் கணக்கிடுகிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை அடிக்கடி இளகிய மலம் கழிப்பது இக்கணக்கில் சேராது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 4,43,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள். அதிலும் ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான பருவமே மிகவும் ஆபத்தானது. அந்தப் பருவத்தில்தான் பல்லும் முளைக்கிறது என்பதால், “பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அதே மாதங்களில் குழந்தை தவழத் தொடங்குகிறது, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது, முதல் முறையாகத் தாய்ப்பாலைத் தவிர வேறு உணவையும் தண்ணீரையும் பெறுகிறது, பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தியையும் இழந்து வருகிறது. ஆகவே குழந்தையின் ஈறைத் தடவிப் பார்ப்பதைவிட, அது தவழும் தரையையும் அது குடிக்கும் குவளையையும் பார்ப்பதே பயன் தரும்.

பார்ப்பது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. “கை கழுவுகிறீர்களா? தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்களா?” என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஆம் என்ற பதிலே வரும், கேட்பவரை ஏமாற்றும் எண்ணத்தில் அல்ல, செய்ய வேண்டியது அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால். எனவே வேலையில்லாத ஒரு நாளில் காலை முதல் மாலை வரை, யாரையும் குறை சொல்லாமல், குழந்தையின் வாய்க்குள் போகும் தண்ணீர் எங்கிருந்து எந்தெந்தக் கைகளைக் கடந்து வருகிறது, குழந்தையின் மலம் எங்கே போய்ச் சேருகிறது, குழந்தையை எந்த நேரத்தில் யார் வைத்திருக்கிறார்கள் என்று தொடர்ந்து கவனித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கருவி எதுவும் தேவையில்லை.

தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு

ஐராவதிக் கழிமுகப் பகுதியில் குளத்து நீரையும் மழைநீரையும் நம்பியே பல ஊர்கள் இருக்கின்றன. ரங்கூனுக்கு எதிர்க்கரையிலுள்ள டலாவில் ஏப்ரல், மே மாதங்களில் குளங்கள் வற்றி, தர்மத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவர்களை எதிர்பார்த்து மக்கள் வாளிகளோடு வரிசையில் நிற்பது ஆண்டுதோறும் நடப்பது. நகரத்தில் வசதியுள்ளவர்கள் 20 லிட்டர் பாட்டில் தண்ணீர் வாங்குகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும், அது கெடுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் வீட்டுப் பானைதான் என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை அகன்ற வாயுள்ள பானையில் ஊற்றிவிட்டு, விளையாடி வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் குவளையை விரல்கள் நனையும்படி அதற்குள் முக்கி எடுத்தால், மதியத்துக்குள் அந்தத் தண்ணீர் கொதிக்காத தண்ணீருக்குச் சமமாகிவிடும். விறகுக்குச் செலவழித்த பணம் வீண்.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. கை நுழையாத அளவுக்குக் கழுத்துக் குறுகிய குடம், அல்லது அடியில் குழாய் பொருத்திய மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் குடிநீருக்கென்று மட்டும் ஒதுக்குங்கள். அது கிடைக்காவிட்டால் நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றைப் பானைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்து, அதனால் மட்டுமே மொள்ள வேண்டும் என்று வீட்டில் சட்டம் போடுங்கள். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கும் நாளை வாரத்தில் ஒன்றாக நிர்ணயித்துக்கொள்வது நல்லது. பாட்டில் தண்ணீர் வாங்கும் வீட்டில் அதன் மேல் பொருத்தும் பம்பையும் அன்றே கழுவ வேண்டும், ஏனெனில் அதை யாரும் கழுவுவதே இல்லை.

கொதிக்க வைப்பதென்றால் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆக வேண்டும். விறகு இல்லாத நாளில், தெளிந்த தண்ணீரை இரண்டு லிட்டருக்கு மேற்படாத, நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வைக்கலாம்; மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வேண்டும் என்பதால் மழைக்காலத்தில் இந்த முறை அவ்வளவாக உதவாது. குளோரின் மாத்திரை கிடைத்தால் உறையில் சொன்ன அளவில் போட்டு அரை மணி நேரம் காத்திருந்து குடிக்கலாம். கலங்கிய குளத்து நீரை முதலில் தெளியவைத்து, நான்காக மடித்த சுத்தமான துணியில் வடிகட்டிய பிறகே இவற்றில் எதையும் செய்ய வேண்டும்.

வழியோரத்தில் புண்ணியத்துக்காக வைக்கப்படும் தண்ணீர்ப் பானைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தண்ணீர்ப் பந்தலைப் போல அவையும் அறச்செயலே. ஆனாலும் ஊரே வாய் வைக்கும் ஒரே குவளையில் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். வெளியே கிளம்பும்போது குழந்தைக்கென்று சிறிய பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

தண்ணீரின் தூய்மையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அதன் அளவும் அதே அளவுக்கு முக்கியம். தட்டுப்பாடான மாதங்களில் வீட்டில் முதலில் நின்றுபோவது கை கழுவுவதுதான். மலம் கழித்த பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைப்பதற்கு முன்பும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகப் பேதி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குளிக்கவோ துணி துவைக்கவோ தண்ணீர் இல்லாத நாளிலும் இந்த நான்கு வேளைக்கு ஒரு சிறு வாளித் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துவிடுவதே வழி.

குழந்தையின் மலம்

பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் என்ன அழுக்கு இருக்கிறது என்று எண்ணி அதை வாசலோரத்திலோ வாய்க்காலிலோ வீசுவது நம்மவர்களிடமும் அண்டை வீட்டுப் பர்மியர்களிடமும் பொதுவான வழக்கம். பெரியவர்களின் மலத்தைப் போலவே அதுவும் கிருமிகளைச் சுமந்து வருகிறது; அடுத்த குழந்தை தவழும் இடத்திலேயே அது விழுவதால் ஆபத்து கூடுகிறது. அதைக் கழிப்பறையில் கொட்டுங்கள். கழிப்பறை இல்லாவிட்டால் மண்ணில் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். துணியைக் குடிநீர் எடுக்கும் குளத்தில் அலசாமல், வாளியில் தண்ணீர் எடுத்துக் கரையை விட்டுத் தள்ளி அலசுங்கள்.

கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஜூன் முதல் அக்டோபர் வரை நிலம் நீரில் ஊறிக் கிடக்கும் பகுதிகளில் குழியே நிரம்பி வழிவதால், மேட்டில் மண் நிரப்பி உயர்த்திக் கட்டுவதைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் யாருமே குடிக்கக் கூடாது.

பெகு, தட்டோன் பக்கத்துக் கிராமங்களில் மாடும் கோழியும் வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு சொல்: கோழி எச்சத்திலும் குழந்தைக்குப் பேதி உண்டாக்கும் கிருமிகள் உண்டு. திண்ணையில் ஒரு மூலையை மூங்கில் தட்டியால் அடைத்து, கழுவக்கூடிய பாய் விரித்து, தவழும் குழந்தையை அங்கே விடுங்கள்.

மதிய வேளையில் குழந்தை யார் கையில்?

சுகாதார அறிவுரைகள் எல்லாம் தாயை நோக்கியே சொல்லப்படுகின்றன. ரங்கூனின் தொழிற்பேட்டைப் பகுதியான லைங்தாயாவில் தையல் ஆலைக்குப் போகும் தாயும், நாற்று நடவுக்கு விடியுமுன் கிளம்பும் தாயும் மதியம் குழந்தையின் அருகில் இருப்பதில்லை. அப்போது ஊட்டுபவர் கண் மங்கிய பாட்டியாகவோ எட்டு வயது அக்காவாகவோ இருக்கலாம். ஆகவே நீங்கள் எழுதிய தாளில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரிடம்தான் சோப்பையும் அறிவுரையையும் கொடுக்க வேண்டும். சிறுமியாக இருந்தால், சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல் ஒரு வாரம் கூடவே இருந்து செய்துகாட்ட வேண்டும்.

விடியற்காலையில் வடித்த கஞ்சி, இங்குள்ள வெக்கையில் மதியம் ஊட்டும்போது கிருமிகள் பெருகிய கஞ்சியாகிவிடும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும், அல்லது ஊட்டுவதற்கு முன் ஆவி பறக்கக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். சோற்றை மென்று குழந்தையின் வாயில் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தி, கழுவிய கரண்டியால் மசியுங்கள்.

பால் புட்டியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: கொதிநீரும் நேரமும் இல்லாத வீட்டில் ரப்பர்க் காம்புள்ள புட்டி இருக்கவே கூடாது. காம்பின் மடிப்புகளில் தேங்கும் பாலை எந்தக் கையாலும் முழுமையாகக் கழுவ முடியாது. நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையோ சங்கோ ஒரே தேய்ப்பில் சுத்தமாகிவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். வேலைக்குப் போகும் தாய் பாலைப் பீச்சிச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் நிழலில் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பாலாடையால் புகட்டலாம். வெக்கை மிகுந்த நாளில் அதற்கும் முன்பே புகட்டிவிட வேண்டும். தேநீருக்கு ஊற்றும் இனிப்புக் கட்டிப்பாலைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது பாலும் ஆகாது, உணவும் ஆகாது.

வாடகை வரிசை வீடுகளில் ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை என்ற நிலையில் ஒரு தாய் மட்டும் கவனமாக இருந்து பயனில்லை. முறை வைத்துக் கழுவுவதும், வீட்டுக்காரரிடம் சேர்ந்து போய்க் கேட்பதும், கோயில் கமிட்டியில் பேசி நன்கொடையில் ஒரு பொதுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்பாடு செய்வதும் தனி வீட்டின் வேலையல்ல, தெருவின் வேலை. பணம் மிகக் குறைவாக இருந்தால் என் வரிசை இது: முதலில் சோப்பு, அடுத்து குழாய் வைத்த வாளி, பிறகு கழிப்பறை மூடி. வடிகட்டும் இயந்திரம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2020 முதல் பர்மாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. அதையும் தட்டம்மை ஊசியையும் பற்றி ஊர் ‘சயாமா’விடம் (சுகாதாரப் பணிப்பெண்ணிடம்) கேட்டு, தவறவிட்டிருந்தால் உடனே போட்டுவிடுங்கள்.

வந்துவிட்டால்

உப்புச் சர்க்கரைக் கரைசல் (ORS) பொட்டலத்தை உறையில் குறித்த அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதுமாகக் கரைத்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தட்டையான தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடினால் ஆபத்து. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்திலுள்ள பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் போதாமல் போனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொல்லித்தான் பலரைக் காப்பாற்றினார். அதைவிட வசதியாகவே நம் சமையலறைகள் இருக்கின்றன.

துத்தநாக மாத்திரையை ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம் என 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைகளும், பேதியை அடக்கும் மருந்தும், தொக்கம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். உச்சிக்குழியும் கண்ணும் குழிவிழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே மடிப்பு மறைந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலோ, குழந்தை துவண்டு எழுப்ப முடியாமல் கிடந்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழி நெடுகக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். எத்தனை முறை போயிற்று, கடைசியாகச் சிறுநீர் எப்போது கழிந்தது, எந்த மருந்து கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் அங்கே முதலில் கேட்கப்படுபவை அவைதான்.