திடீர் புராஸ்டேட் தொற்றுக்கு ஆன்டிபயாடிக்: முதல் மாத்திரை முதல் கடைசி மாத்திரை வரை

நேற்றுவரை நலமாக இருந்த ஓர் ஆணுக்குத் திடீரென நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, சிறுநீர் எரிச்சலோடு அடிக்கடி பிரிந்து, அடிவயிற்றிலோ இடுப்பிலோ விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலோ வலி எடுத்தால், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் பாக்டீரியா தொற்றியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நோய் இது. ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், தொற்று ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மருத்துவரிடம் போகும்முன் வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் விழுங்காதீர்கள். முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சர் என்னும் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைச் சொல்வது அந்தச் சோதனைதான். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கிருமி சோதனையில் வளராமல் போகலாம், பிறகு சிகிச்சை முழுவதும் ஊகத்தில்தான் நடக்கும். சிறுநீரின் முதல் பகுதியை வெளியே விட்டுவிட்டு நடுப்பகுதியைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுங்கள். கடும் காய்ச்சல் இருந்தால் ரத்தத்தையும் கல்ச்சருக்கு எடுப்பார்கள். மாதிரி கொடுத்தபின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மருந்தை உடனே தொடங்கிவிட வேண்டும். மருத்துவர் ஆசனவாய் வழியே சுரப்பியை மென்மையாகத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் இந்த நிலையில் சுரப்பியை அழுத்திப் பிசைந்து திரவம் எடுக்கக் கூடாது. அது கிருமியை ரத்தத்துக்குள் தள்ளிவிடக்கூடும்.

வாயால் மருந்து உட்கொள்ள முடிகிறவர், வாந்தி இல்லாதவர், சிறுநீர் தடையின்றிப் பிரிகிறவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே சிகிச்சை போதும். மனக்குழப்பம், மூச்சு வாங்குதல், ரத்த அழுத்தம் இறங்குதல், தொடர் வாந்தி, சிறுநீர் முற்றிலும் நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்ந்தே ஆக வேண்டும். அங்கே செஃப்ட்ரியாக்சோன், பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்ற ஊசி மருந்துகளைத் தனியாகவோ ஜென்டாமைசினுடன் சேர்த்தோ செலுத்துவார்கள். காய்ச்சல் தணிந்து உடல்நிலை சீரானதும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். சிறுநீர் அடைப்புக்குக் குழாய் வைக்க வேண்டிவரும். தேவைப்பட்டால் அடிவயிற்றின் வழியாகவும் அதை வைப்பது உண்டு.

மருந்துத் தேர்வைப் புரிந்துகொள்ள, சுரப்பியின் ஓர் இயல்பை அறிந்திருப்பது நல்லது. நலமான புராஸ்டேட் திசுவுக்குள் பல ஆன்டிபயாடிக்குகள் எளிதில் நுழைவதில்லை. தொற்றின் தொடக்கத்தில் வீக்கத்தால் அந்தத் தடுப்பு தளர்ந்திருப்பதால் பெரும்பாலான மருந்துகள் உள்ளே செல்கின்றன. வீக்கம் வடிய வடிய அந்த வழி மீண்டும் அடைபடுகிறது. ஆகவே கடைசி நாள் வரையிலும் திசுவுக்குள் செல்லக்கூடிய மருந்துதான் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் ஆகியவை பரவலாகப் பயன்படுவதற்குக் காரணம் இதுவே. சிறுநீரகம் நலமாக உள்ள பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் நாளுக்கு இருமுறையும், லெவோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் ஒருமுறையும் வழக்கமான அளவு; உங்களுக்கான அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நன்கு பயன்படும் நைட்ரோஃப்யூரன்டோயின் இங்கே உதவாது, ஏனெனில் அது சுரப்பித் திசுவில் போதிய அளவு சேர்வதில்லை.

இந்நோயை உண்டாக்குவது பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா. பாலுறவால் பரவும் கொனோரியா, கிளமிடியா கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று தோன்றினால் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் டாக்சிசைக்ளினும் தேவைப்படும், பாலுறவுத் துணைக்கும் சிகிச்சை வேண்டும். எனவே கூச்சப்படாமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அண்மையில் ஆசனவாய் வழியாகப் புராஸ்டேட் பயாப்சி (சோதனைக்காகத் திசு எடுத்தல்) செய்திருந்தாலும், சென்ற சில மாதங்களில் வேறு ஆன்டிபயாடிக் எடுத்திருந்தாலும் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும், வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமியாக அது இருக்கக்கூடும்.

சிப்ரோஃப்ளாக்சசினும் லெவோஃப்ளாக்சசினும் கால்சியம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் ஆகியவற்றோடு வயிற்றிலேயே பிணைந்துகொண்டு, ரத்தத்தில் சேராமல் வீணாகிவிடும். சத்து மாத்திரையும், வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட்டும் எடுப்பவர்கள் அவற்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே ஆன்டிபயாடிக்கை எடுத்துவிடுவது பாதுகாப்பானது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலுடனோ தயிருடனோ மட்டும் விழுங்கக் கூடாது.

இந்த இரு மருந்துகளும் அரிதாகத் தசைநாண்களைப் பாதிக்கும். குதிகாலுக்கு மேலே வலியோ வீக்கமோ தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். கைகால் மரத்துப்போனாலும், இதயம் படபடத்தாலும், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினாலும் அப்படியே செய்ய வேண்டும். மகாதமனி வீக்கம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோட்ரைமாக்சசோல் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் இம்மூன்றில் எதைத் தொடங்கினாலும் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சரியான மருந்து கிடைத்தால் பொதுவாக இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணியும். 72 மணி நேரம் கடந்தும் தணியாவிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியாகவோ சுரப்பிக்குள் சீழ்க்கட்டியாகவோ இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி இருந்தால் சீழை வெளியேற்ற வேண்டிவரும். கல்ச்சர் முடிவும் ஏறக்குறைய அந்த நாட்களிலேயே வந்துவிடும். அதை மருத்துவரிடம் காட்டி, எடுக்கும் மருந்து பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளத் தவறாதீர்கள்.

மிகப் பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். ஐந்தாம் நாளில் காய்ச்சலும் இல்லை, எரிச்சலும் இல்லை என்றதும் மாத்திரை அட்டையை ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். அறிகுறிகள் அடங்கிய பிறகும் சுரப்பியின் நுண்குழாய்களில் கிருமி தங்கியிருக்கலாம். அது மீண்டும் பெருகினால், மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் தொல்லை தரும் நாள்பட்ட தொற்றாக மாறலாம். சிகிச்சைக் காலம் பொதுவாக 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம் வரையும் நீளும். ஒவ்வாமை போன்ற காரணத்தால் ஒரு மருந்தை நிறுத்த நேர்ந்தால், அன்றே அதற்கு மாற்றாக வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். வலிக்குப் பாரசிட்டமால் எடுக்கலாம். சிறுநீர் தயங்கிப் பிரிந்தால் மருத்துவர் டாம்சுலோசின் தருவதும் உண்டு.

மருந்து முடிந்த பிறகும் தொல்லை மீந்திருந்தால் சிறுநீரை மறுபடியும் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும். தொற்றின்போது, புராஸ்டேட் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு மிகவும் உயர்ந்துவிடும் என்பதால், அந்தச் சோதனை தேவைப்படுபவர்கள் குணமாகி 6 முதல் 8 வாரம் கழித்தே அதைச் செய்துகொள்ள வேண்டும். இடையில் பார்த்த உயர்ந்த எண்ணை வைத்துப் புற்றுநோய் என்று அஞ்சத் தேவையில்லை.