ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வீட்டில்: தம்பதிகளுக்கான நடைமுறைக் குறிப்புகள்

“வீட்ல பால் தீந்துபோச்சுபோல” என்கிறார் மனைவி. “ஆமா, காலையிலயே தீந்துடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கணவர் மறுபடி லேப்டாப்பைப் பார்க்கிறார். மனைவி சொன்னது போய் வாங்கி வரச்சொல்லி. கணவர் காதில் விழுந்தது பாலைப் பற்றிய ஒரு தகவல். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் பாத்திரச் சத்தம் கூடுகிறது. “என்னாச்சு?” “ஒண்ணுமில்ல.” ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே என்று அவரும் விட்டுவிடுகிறார். ஒருவருக்கு ஆட்டிசம் இருந்து மற்றவருக்கு இல்லாத வீடுகளில் பெரிய சண்டைகள் பலவும் இந்த அளவில்தான் தொடங்குகின்றன.

இதில் தப்பு யார் பக்கம்? தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012ல் இதை ‘இருவழிப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தாக முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு அடுத்தவர் மனம் புரிவது எவ்வளவு கடினமோ, அடுத்தவருக்கு அவர் மனம் புரிவதும் அவ்வளவு கடினம். கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல என்று 8 பேர் கொண்ட வரிசைகளை அமைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது. இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் அப்படியே. இருவரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகமாக உதிர்ந்தன. ஆகவே ஒருவரை மட்டும் ‘திருத்தி’ இந்தக் குடும்பத்தைச் சரிசெய்ய முடியாது. கீழே உள்ளவை எல்லாம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் உடம்பு, அப்புறம் மனசு

பொருத்தம் என்றதும் குணத்தைப் பற்றித்தான் பேசத் தோன்றும். ஆனால் இந்த வீடுகளில் முதலில் இடிப்பது மிக்ஸி, குக்கர் விசில், சோக்கு பழுதாகி ரீங்கரிக்கும் டியூப்லைட், கருவாடு, ஊதுவத்தி, கட்டிலில் கிடக்கும் ஈரத் துண்டு. அதனால் வேலையை இங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இருவரும் தனித்தனித் தாளில் ஆறு தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள்: சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை, வெப்பம், சாப்பாட்டின் பதம். ஒவ்வொன்றின் கீழும் வீட்டில் உள்ள விஷயங்களைக் குறித்து 0 முதல் 3 வரை எண் போடுங்கள். 0 என்றால் பாதிப்பில்லை, 1 பொறுத்துக்கொள்ளலாம், 2 களைப்பாக்கும், 3 அந்த இடத்தில் இருக்கவே முடியாது. ஆட்டிசம் இல்லாதவரும் எழுதியாக வேண்டும். அவருக்கும் இரண்டு மூன்று ‘3’ இருக்கும், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

3 போட்ட எதையும் விவாதிக்காதீர்கள், மாற்றுங்கள். மிக்ஸி ஓட்டுமுன் “மிக்ஸி போடறேன்” என்று ஒரு குரல் கொடுத்து, மற்றவர் கதவைச் சாத்தப் பத்து விநாடி விடுங்கள். டியூப்லைட்டை மஞ்சள் எல்.இ.டி.யாக மாற்றலாம். ஒருவருக்கு ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது, இன்னொருவருக்குக் காற்று தோலில் பட்டாலே எரிச்சல் என்றால், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் மட்டும் திருப்பி வைத்த டேபிள் ஃபேன் போதும். 2 போட்டவற்றுக்கு நேர வரம்பு வையுங்கள்: டி.வி. ஸ்பீக்கரில் ஒரு மணி நேரம், அப்புறம் ஹெட்போன். 1 இருப்பதை அப்படியே விடலாம்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, “போகப் போகப் பழகிடும்” என்று விடுவது. பல நேரம் பழகாது, அடக்கி வைக்கப் பழகுவார்கள். பகலெல்லாம் அடக்கியது சாயங்காலம் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லில் வெடிக்கும். இன்னொன்று, இந்த எண்கள் நிலையானவை இல்லை. காலையில் 1 ஆக இருந்த மிக்ஸி, இரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குப் பின் 3 ஆகும். “நேத்து ஒண்ணும் சொல்லலையே” என்ற வாதம் அதனால்தான் செல்லாது.

தொடுகைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு மெலிதான வருடலைவிட அழுத்தமான அணைப்பு எளிது. பின்னாலிருந்து திடீரென்று தொடுவது பலருக்கும் ஆகாது. எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தமாக, எந்த நேரத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாம்பத்திய உறவைப் பற்றிய பேச்சைப் படுக்கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், பகலில் நடை போகும்போது பேசலாம், எழுதியும் காட்டலாம். வியர்வை, வெளிச்சம், வாசனை மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். “நிறுத்து” என்றால் அந்த விநாடியே நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நாள் குறித்து வைத்துக்கொள்வது சிலருக்கு உதவும். “திட்டம் போட்டா அதுல என்ன ஆசை இருக்கு” என்று மற்றவருக்குத் தோன்றலாம், நியாயம்தான். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கேட்க வேண்டியதை முழுசாகக் கேட்பது

கோரிக்கை என்றால் அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யார், என்ன, எவ்வளவு, எப்போதுக்குள். “பால் தீந்துபோச்சு. ஏழு மணிக்குள்ள அரை லிட்டர் பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வர்றீங்களா?” இப்படிக் கேட்பது நம் ஊர்க் காதுக்கு அதிகாரம் செய்வதுபோல இருக்கும். ஜாடையாகச் சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்திருக்கிறோம். ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்கு நேரடியாகக் கேட்பதுதான் மரியாதை, ஏனென்றால் ஊகித்துத் தவறும் ஆபத்து அதில் இல்லை.

“ஒண்ணுமில்ல”, “உங்க இஷ்டம்”, “பரவால்ல விடு”, “உனக்கே தெரியணும்” ஆகிய நான்கையும் கோபத்தில் சொல்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அவற்றுக்கு மாற்று: “கோபமா இருக்கேன், இப்ப பேச முடியல, சாப்பிட்டப்புறம் சொல்றேன்.” ஆட்டிசம் உள்ளவர் பக்கத்திலும் ஒரு ஒப்பந்தம் உண்டு. துணை மனக்குறையைச் சொல்ல ஆரம்பித்ததும், தீர்வு சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: “யோசனை வேணுமா, கேட்டுக்கிட்டா போதுமா?” இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் கண்ணீர் நின்றுவிடும்.

“நீ என்ன ஃபீல் பண்ற?” என்று கேட்டால் “தெரியல” என்று பதில் வரும். தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். தன் உணர்ச்சியை இனம்கண்டு பெயரிட முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது உண்டு, பொதுமக்களில் 5 சதவீதம் அளவில்தான். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: “உடம்புல எங்க இறுக்கமா இருக்கு?”, “பத்துக்கு எத்தனை?” “நாளைக்குக் காலையில சொல்றேன்” என்றால் அதையும் பதிலாக ஏற்றுக்கொள்ளலாம், காலையில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. பசியும் தாகமும் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. சண்டை தொடங்குமுன் “சாப்டாச்சா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

சண்டையை நிறுத்தும் முறை

மெல்ட்டவுன் என்பது கத்தல், அழுகை, தலையில் அடித்துக்கொள்வது. ஷட்டவுன் என்பது பேச்சே வராமல் உறைந்துபோவது. இரண்டும் சுமை தாங்காத நிலை, அந்த நேரத்தில் எந்த நியாயமும் உள்ளே இறங்காது. அமைதியாக இருக்கும் ஒரு நாளில் முறையை எழுதி வையுங்கள்.

இருவருக்கும் பொதுவான ஒரு சொல்லோ கைஜாடையோ தேர்ந்தெடுங்கள். அதைக் காட்டியதும் பேச்சு நிற்க வேண்டும், “இதை மட்டும் கேட்டுட்டுப் போ” கிடையாது. விலகுபவர் திரும்பும் நேரத்தைச் சொல்ல வேண்டும்: “ஒரு மணி நேரம், எட்டரைக்கு.” பேச வராவிட்டால் விரலில் காட்டட்டும். இருபது நிமிடத்துக்குக் குறைந்தால் உடம்பு அடங்காது, ஒரு நாளைத் தாண்டினால் மற்றவர் தாங்க மாட்டார். போகும் இடமும் முன்பே முடிவாகி இருக்க வேண்டும். ஒற்றை படுக்கையறை வீட்டில் மொட்டை மாடி ஒருவருக்கு, அறை மற்றவருக்கு என்று பிரிக்கலாம். பின்னாலேயே போகாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். விளக்கைக் குறைத்து ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள்.

இது உடையும் இடம் எப்போதும் ஒன்றுதான்: நேரம் சொல்லாமல் போவது, அல்லது சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பது. ஆட்டிசம் இல்லாதவருக்கு அது மௌன தண்டனையாகத் தெரியும், அடுத்த முறை அவர் விடமாட்டார். எனவே இடைவேளை கேட்டவரே திரும்பி வந்து பேச்சை எடுக்க வேண்டும். வாய் வராவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுதலாம், ஒரு செய்தியில் ஒரே விஷயம்.

துணைக்கு ஏ.டி.எச்.டி. என்றால்

ஏ.டி.எச்.டி. என்பது கவனம் சிதறுவதும் பரபரப்பும் கூடுதலாக உள்ள நிலை. ஒருவருக்கு ஆட்டிசம், மற்றவருக்கு ஏ.டி.எச்.டி. என்று இருக்கலாம், ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் 2013 பதிப்புக்கு முன் இரண்டையும் ஒரே ஆளுக்குக் கண்டறிந்து எழுத இடமில்லை. அதனால் அதற்கு முன் பரிசோதித்துக்கொண்டவர்களிடம் ஒரு பெயர் மட்டும் இருக்கும்.

இங்கே மோதல் நேரத்திலும் பொருளிலும் வரும். ஆறு மணி என்றால் ஒருவருக்கு ஆறு மணி, மற்றவருக்குச் சாயங்காலம். மணியைச் சொல்லாமல் இடைவெளியைச் சொல்லுங்கள்: “ஆறேகால்லேருந்து ஆறேமுக்கால்.” கிளம்பியதும் ஒரு செய்தி கட்டாயம். கண்ணில் படாத பொருளை ஏ.டி.எச்.டி. உள்ளவர் மறந்துவிடுவார், மேஜை நிறையப் பரப்பினால் மற்றவருக்கு மூச்சு முட்டும். மூடியுள்ள கண்ணாடி டப்பா, மேலே லேபிள், ஆளுக்கொரு மேஜை என்று பிரித்துவிடலாம்.

சொந்தக்காரர்கள்

கல்யாண வீட்டுக்கு முழு நாள் போக வேண்டியதில்லை. முகூர்த்தமா, ரிசப்ஷனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கெட்டிமேளத்துக்குக் காதடைப்பான் போட்டுக்கொள்ளலாம், முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பலாம், சொந்த வண்டியில் போனால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அத்தை கேட்டால் “அவருக்குச் சத்தம் ஒத்துக்காது அத்த, கீழ இருக்கார்” போதும். ஆட்டிசம் என்ற சொல்லை யாரிடம் சொல்வது என்பது ஆட்டிசம் உள்ளவர் எடுக்க வேண்டிய முடிவு. சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிகளைப் பற்றி அவரவர் வீட்டாரிடம் அவரவரே பேசட்டும். மருமகளுக்காக மாமியாரிடம் மகன்தான் பேச வேண்டும்.

இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால், பெண் பார்க்கும் அன்று நடக்கும் பத்து நிமிடப் பேச்சை நம்பாதீர்கள். தன் இயல்பை மறைத்துப் பழகியவர் அந்தப் பத்து நிமிடத்தில் மிகச் சிறப்பாகப் பேசுவார். களைத்த நாளில் ஒருமுறை சந்தியுங்கள், ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். கண்டறியப்பட்ட விஷயத்தை நிச்சயத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

எது ஆட்டிசத்தில் சேராது

அடிப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, அம்மா வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது இவற்றுக்கு ஆட்டிசம் காரணமாகாது. வேண்டுமென்றே டி.வி. சத்தத்தைக் கூட்டுவதும், “எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்” என்று மிரட்டுவதும் அதே கணக்குதான். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவரோடு வாழ்பவருக்குத் தனிமையால் வருவதாக இணையத்தில் உலவும் ‘கசாண்ட்ரா’ நோய் என்பது எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லாத பெயர். அந்தத் தனிமை நிஜமானது, ஆனால் அதை நோயாக்கித் துணையின் தலையில் கட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆலோசகரிடம் போவதென்றால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். வயது வந்த ஆட்டிசம் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா, அன்றன்று பேசப்போவதை முன்பே எழுதித் தருவாரா என்று போனிலேயே கேளுங்கள். முதல் வீட்டுப்பாடமாக “துணையின் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுங்கள்” என்று ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், வேறு ஆளைத் தேடலாம்.